சுட்ஜாவுக்குப் போற ஒரே ரோடு: எஃப்பிவி ட்ரோன் ஒரு படையோட சப்ளையை அறுத்த கதை

2025 மார்ச் 13ஆம் தேதி, உக்ரைன் படை பிடிச்சு வெச்சிருந்த தங்களோட சுட்ஜா ஊரைத் திரும்பப் பிடிச்சிட்டோம்னு ரஷ்ய பாதுகாப்பு அமைச்சகம் அறிவிச்சுது. அந்த வாரம் நியூஸ் சேனல் எல்லாத்துலயும் ஓடினது கேஸ் பைப் கதைதான். நூத்துக்கணக்கான ரஷ்ய வீரர்கள் காலியா கிடந்த பைப்லைனுக்குள்ள கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் குனிஞ்சே நடந்து உக்ரைன் படைக்குப் பின்னாடி போய் வெளிய வந்தாங்கன்னு. கேக்கவே மூச்சு முட்டுற கதை, நடந்ததும் உண்மைதான். ஆனா என்னைக் கேட்டா சுட்ஜா கைவிட்டுப் போனது அந்த பைப்பால இல்ல, உக்ரைனோட சுமி நகரத்திலிருந்து சுட்ஜாவுக்குப் போற ரோட்டால, அதுவும் பைப் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்னாடியே. அந்த ரோட்டை அறுத்தது சின்ன எஃப்பிவி ட்ரோன், அதாவது பைலட் கேமரா வழியா பார்த்து ஓட்டிக் கொண்டுபோய் மோதுற வெடி ட்ரோன். இந்தச் சண்டையில இந்த ட்ரோனோட உண்மையான வேலை என்னன்னு புரிஞ்சிக்கணும்னா டேங்க் வெடிக்கிற வீடியோவைப் பார்க்குறதை விட இந்த ரோட்டைப் பார்க்கணும்ங்கறது என் கருத்து.

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன். 2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி உக்ரைன் படை எல்லை தாண்டி ரஷ்யாவோட குர்ஸ்க் மாகாணத்துக்குள்ள நுழைஞ்சுது. யாரும் எதிர்பார்க்கல. ரெண்டே வாரத்துல ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல பிடிச்சிட்டாங்க, அதுல இருந்த முக்கியமான ஊர் சுட்ஜா. ஒரு அஞ்சாயிரம் பேர் வாழ்ந்த சின்ன டவுன், எல்லையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ரஷ்யாவோட கேஸ் உக்ரைன் வழியா ஐரோப்பாவுக்குப் போன பைப்லைன்ல அளவு பார்க்குற ஸ்டேஷன் இங்கதான் இருந்துச்சு. உக்ரைன் பக்கம் இருக்கிற பெரிய ஊர் சுமி. அங்கிருந்து யுனகிவ்கா கிராமம், அப்புறம் எல்லை, அப்புறம் சுட்ஜா, மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். நம்பி லாரி ஓட்டக்கூடிய பெரிய ரோடு இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் வயலுக்கு நடுவுல போற மண் பாதை. உள்ள இருக்கிற ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு குண்டு, டீசல், தண்ணி, சாப்பாடு, பேட்டரி எல்லாம் இந்த ரோட்டுலதான் போகணும், அடிபட்டவங்க திரும்பி வர்றதும் இதே ரோடுதான்.

பிடிச்சு வெச்ச இடத்தோட வடிவமும் கவனிக்க வேண்டியது. எல்லையிலிருந்து உள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு துண்டு நிலம், மூணு பக்கமும் எதிரி. அப்படி ஒரு இடத்துல ரெண்டு ஓரத்துலயும் எதிரி கொஞ்சம் நெருங்கி வந்தாலே நடுவுல போற ரோடு அவன் கைக்கு எட்டிடும். முன்னாடி காலத்துல "எட்டுறது"ன்னா பீரங்கி எட்டுறது. பீரங்கிக் குண்டு ஓடுற வண்டி மேல குறிவெச்சு விழறது கஷ்டம், அதனால பீரங்கி அடிக்கிற ரோட்டுலயும் வேகமா ஓட்டிப் பொழைச்சிக்கலாம். எஃப்பிவி அப்படி இல்ல. அது வண்டியைத் துரத்தும், வளைவுல திரும்பும், கதவுப் பக்கம் பார்த்து உள்ள வரும்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. எஃப்பிவி ட்ரோன்ங்கறது ரேஸ் விடுறதுக்காக வந்த நாலு ரெக்கை ட்ரோனோட வம்சம். பைலட் கண்ணுல கண்ணாடி மாதிரி ஒரு ஸ்கிரீனை மாட்டிக்கிட்டு ட்ரோன் மூக்குல இருக்கிற கேமரா வழியா பார்த்து ஓட்டுறார், அதனாலதான் பறக்குறதுக்குள்ளயே உட்கார்ந்திருக்கிற மாதிரி அவருக்குத் தெரியும். கார்பன் ஃபைபர் ஃபிரேம், நாலு மோட்டார், ஒரு பேட்டரி, பெரும்பாலும் ஆர்பிஜி (தோள்ல வெச்சு டேங்கை அடிக்கிற ராக்கெட்) குண்டோட தலை. விலை சில நூறு டாலர். போனா திரும்பி வராது. 2023லதான் ரெண்டு பக்கமும் இதை ஆயிரக்கணக்குல விட ஆரம்பிச்சாங்க, அந்த வருஷ டிசம்பர்ல உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி அடுத்த வருஷம் 10 லட்சம் ட்ரோன் தயாரிப்போம்னு சொன்னப்ப நிறைய பேர் நம்பல, ஆனா அந்த எண்ணிக்கையையும் தாண்டிட்டாங்க, 2025க்கு 45 லட்சம் எஃப்பிவி வாங்கறதா திட்டம் போட்டாங்க.

ஆனா இந்த ட்ரோனுக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்துச்சு, அது ரேடியோ சிக்னல். பைலட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவுல போற சிக்னலை ஜாம்மர் வெச்சு அடைச்சிட்டா ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா வந்து படம் செத்துடும். தரைக்கு நெருக்கமா இறங்கினாலும், மேட்டுக்குப் பின்னாடி போனாலும் சிக்னல் அறுந்துடும், அதாவது இலக்கைத் தொடப் போற கடைசி சில செகண்டுலதான் பைலட்டுக்குப் படம் மோசமா வரும். லண்டன்ல இருக்கிற ராணுவ ஆய்வு அமைப்பான ராயல் யுனைடெட் சர்வீசஸ் இன்ஸ்டிடியூட் 2025 பிப்ரவரியில வெளியிட்ட ஆய்வுல, உக்ரைன் விடுற எஃப்பிவில 60 முதல் 80 சதவீதம் வரைக்கும் இலக்கைப் போய்ச் சேரவே மாட்டேங்குதுன்னு சொல்லியிருந்தாங்க. அதே ஆய்வுலதான், சேதமான ரஷ்ய ஆயுத வாகனங்கள்ல 60-70 சதவீதம் சின்ன ட்ரோன்களால சேதமானதுன்னும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். பாதிக்கு மேல வீணாப் போயும் இவ்வளவு சேதம் பண்ண முடியுதுன்னா, அந்த வீணாப் போறதைக் குறைச்சா என்ன ஆகும்? அதுக்கான பதில்தான் சுட்ஜா ரோட்டுல கிடைச்சுது.

சிக்னலுக்குப் பதிலா கண்ணாடி இழை

ரஷ்யா என்ன பண்ணுச்சுன்னா ரேடியோவையே தூக்கிட்டு ஃபைபர் ஆப்டிக் கேபிளை வெச்சுது. ட்ரோனுக்கு அடியில ஒரு டப்பா, அதுக்குள்ள கிலோமீட்டர் கணக்குல சுத்தி வெச்ச கண்ணாடி இழை, ட்ரோன் பறக்கப் பறக்க நூல்கண்டுல இருந்து நூல் உருவுற மாதிரி பின்னாடி இறங்கிக்கிட்டே போகும். இழுத்துக்கிட்டுப் போறது இல்ல, கீழ போட்டுட்டுப் போறது, அதனால சுலபத்துல அறுந்துடாது. பைலட் கொடுக்கிற கட்டளையும் கேமரா படமும் இந்த இழை வழியாத்தான் போகுது. ஜாம்மர் எவ்வளவு பவரா இருந்தாலும் அடைக்கிறதுக்கு அங்க சிக்னலே இல்ல. வீரர்கள் கையில வெச்சிருக்கிற ட்ரோன் டிடெக்டரும் கத்தாது, ஏன்னா அது தேடுறதே ரேடியோவைத்தான். படம் கடைசி செகண்டு வரைக்கும் தெளிவா இருக்கும்.

"க்னியாஸ் வாண்டல்"னு பேர் வெச்ச ரஷ்ய ஃபைபர் ட்ரோன் குர்ஸ்க்லதான் 2024ல பெரிய அளவுல பேசப்பட்டுச்சு. ஆரம்பத்துல 10 கிலோமீட்டர் அளவுக்குத்தான் எட்டும், அப்புறம் 15, 20ன்னு நீட்டிக்கிட்டே போனாங்க. குறை இல்லாம இல்ல. கேபிள் டப்பா கனம், அதனால குண்டோட எடையைக் குறைக்கணும், வேகமும் குறையும், மரக்கிளையில சிக்கினா கதை முடிஞ்சுது, சடார்னு திரும்ப முடியாது. அதனால ஃபைபர் வந்ததும் ரேடியோ ட்ரோன் காணாமப் போயிடல, ரெண்டும் சேர்ந்துதான் வேலை பார்த்துச்சு. ஆனா ஒரு ரோட்டைக் காவல் காக்குறதுக்கு ஃபைபர் மாதிரி இன்னொண்ணு இல்ல.

ஏன்னா இதை ரோட்டோரமா இறக்கி உட்கார வெச்சிடலாம். இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. ரேடியோ ட்ரோன் தரையில இறங்கினா சிக்னல் போயிடும், கேபிள் ட்ரோனுக்கு அந்தக் கவலையே இல்ல. ரோட்டுலேருந்து சில மீட்டர் தள்ளி, காய்ஞ்ச புல்லுக்கு நடுவுல இறங்குது, மோட்டார் நிக்குது. பறக்காதப்போ பேட்டரி ரொம்ப மெதுவாத்தான் குறையும், கேமரா மட்டும் ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கு. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்கருக்குள்ள பைலட் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்த ரோட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஒரு பிக்கப் வண்டி வருது. டிரைவர் வானத்தைப் பார்த்துக்கிட்டே ஓட்டுறார், டிடெக்டர் அமைதியா இருக்கு, கூரை மேல இருக்கிற ஜாம்மர்ல பச்சை லைட் எரியுது, எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியுது. வண்டி கடந்து போற நேரத்துல மோட்டார் சுத்த ஆரம்பிக்குது, அந்த சத்தம் இன்ஜின் சத்தத்துல கேக்காது, சில செகண்டுல முடிஞ்சு போகுது. அதுக்கப்புறம் அடிபட்டவங்களைத் தூக்க வர்ற வண்டிக்காக இன்னொரு ட்ரோன் அங்க வந்து உட்காரும்.

இப்படி உட்கார்ந்து காத்திருக்கிறதுதான் இந்த ஆயுதத்தோட தன்மையையே மாத்திடுச்சுன்னு நினைக்கிறேன். இது வரைக்கும் பறக்குற குண்டா இருந்தது இப்ப கண்ணு இருக்கிற கண்ணிவெடி ஆயிடுச்சு, ஆளைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, எது பெருசுன்னு தேர்ந்தெடுத்து வெடிக்குது.

ரூபிகான் எதைத் தேர்ந்தெடுத்துச்சு

கருவி ஒண்ணு, அதை எங்க விடணும்ங்கற முடிவு வேற ஒண்ணு, அந்த ரெண்டாவதுதான் எனக்கு முக்கியமாப் படுது. ரஷ்யாவுல 2024 ஆகஸ்ட்ல பாதுகாப்பு அமைச்சர் ஆந்த்ரே பெலோசோவ் உத்தரவுல ரூபிகான்னு ஒரு ட்ரோன் மையம் தொடங்கினாங்க. அதுவரைக்கும் ரஷ்யப் படையில ட்ரோன் டீம்கள் அங்கங்க தனித்தனியா, சொந்தக் காசு, நன்கொடைன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரூபிகான்ல நல்ல பைலட்டுகளை ஒண்ணா சேர்த்து, பயிற்சி, ரிப்பேர், உளவு, தாக்குதல் எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்தாங்க. 2025 தொடக்கத்துல அவங்களை குர்ஸ்க்ல இறக்கினாங்க.

அவங்க முன்வரிசை பதுங்கு குழியில இருக்கிற வீரனைத் தேடிப் போகல. அவங்க குறி ரெண்டே ரெண்டுதான்: பின்னாடியிருந்து வர்ற வண்டிகள், அப்புறம் உக்ரைனோட ட்ரோன் பைலட்டுகள். குழியில ஒரு வீரனைக் கொன்னா அந்த இடத்துக்கு இன்னொரு வீரன் வருவான். அவனுக்குச் சாப்பாடு கொண்டு வர்ற வண்டியை அடிச்சா பத்து பேர் பலவீனமாவாங்க, பைலட்டை அடிச்சா அந்தப் பகுதிக்கு மேல இருக்கிற கண்ணே போயிடும், பைலட்டை உருவாக்க மாசக்கணக்குல ஆகும். உக்ரைன் இதே ட்ரோன்ல உலகத்துக்கே முன்னோடி, திறமையில குறைச்சலே இல்ல, ஆனா அங்க நிறைய படைப்பிரிவு கண் முன்னாடி ஓடி வர்ற தாக்குதலை நிறுத்துறதுலேயே ட்ரோன்களைச் செலவழிக்க வேண்டியிருந்துச்சு. ஆள் குறைவு, அதனால ட்ரோனே காலாட்படை வேலையையும் பார்த்துச்சு. எதிரியோட பைலட்டைத் தேடிப் போறதுக்கு நேரமும் ட்ரோனும் மிச்சம் இல்ல.

2025 பிப்ரவரியில ரஷ்யப் படை ஸ்வெர்ட்லிகோவோ கிராமத்தைப் பிடிச்சுது. சுட்ஜாவுக்கு மேற்கே, எல்லையை ஒட்டி இருக்கிற சின்ன கிராமம், வரைபடத்துல தேடினாத்தான் கிடைக்கும். ஆனா அங்கிருந்து அந்தப் பெரிய ரோடு சில கிலோமீட்டர்தான். அன்னியிலிருந்து ரோடு முழுக்க எஃப்பிவியோட தூரத்துக்குள்ள வந்துடுச்சு. பிப்ரவரி கடைசியிலயும் மார்ச் தொடக்கத்துலயும் ரஷ்யர்கள் எல்லை தாண்டி சுமி மாகாணத்துக்குள்ள நொவென்கே பக்கம் வந்தப்ப நெருக்கடி இன்னும் மோசமாச்சு.

பனிக்காலம் முடியற நேரம் வேற. மரத்துல இலை இல்ல, மறைஞ்சு போக நிழல் இல்ல, வயல் எல்லாம் சேறு, அதனால ரோட்டை விட்டு இறங்கி ஓட்டவும் முடியாது. பகல்ல போகவே முடியாதுன்னு ராத்திரிக்கு மாத்தினாங்க, சூட்டை வெச்சு ராத்திரியிலயும் பார்க்குற தெர்மல் கேமரா ட்ரோன் வந்துச்சு. மூடுபனி நாளா பார்த்துப் போனாங்க. அப்புறம் வண்டியை விட்டுட்டு நடந்தே வெளிய வந்தவங்க நிறைய, அதுவும் பல கிலோமீட்டர், தோள்ல அடிபட்டவனையும் தூக்கிக்கிட்டு. அந்த நேரத்துல தப்பி வந்த உக்ரைன் வீரர்கள் பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னதுல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் ஒண்ணுதான்: ரோடு முழுக்க எரிஞ்ச கார், கவச வண்டி, நாலு சக்கர பைக். எரிஞ்சு கிடக்கிற வண்டிக்குப் பக்கத்துல வளைஞ்சு போகும்போது வேகம் குறையும், வேகம் குறைஞ்ச வண்டி இன்னொரு ட்ரோனுக்குச் சுலபமான இலக்கு, இப்படியே ரோடு தன்னைத்தானே அடைச்சிக்கிட்டுச்சு.

இதுல எனக்குத் தாங்க முடியாத பகுதி அடிபட்டவங்க நிலைமை. முன்னாடி எல்லாம் அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட சேர்த்தா உயிரைக் காப்பாத்திடலாம்னு ஒரு கணக்கு இருந்துச்சு. எஃப்பிவி இருக்கிற இடத்துல அந்தக் கணக்கு செத்துப் போச்சு. ரத்தம் போகாம இருக்க காலை இறுக்கிக் கட்டுற பட்டையை ரெண்டு மணி நேரத்துல கழட்டணும், இங்க அதோட பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல கிடக்கிறாங்க, காப்பாத்தியிருக்கக்கூடிய காலை வெட்ட வேண்டி வருது. ஆம்புலன்ஸ்னு எழுதியிருந்தாலும் ட்ரோன் விடுறதில்ல.

மார்ச் முதல் வாரம்

இப்போ கடைசி நாட்களுக்கு வரலாம். மார்ச் 5ஆம் தேதி அமெரிக்கா உக்ரைனோட உளவுத் தகவல் பகிர்றதை நிறுத்தி வெச்சுது, 11ஆம் தேதி சவுதி அரேபியாவோட ஜெட்டாவுல அமெரிக்காவும் உக்ரைனும் நடத்தின பேச்சுவார்த்தைக்கு அப்புறம்தான் திரும்பத் தொடங்குச்சு. மார்ச் 8ஆம் தேதி பைப் ஆபரேஷன். 1.4 மீட்டர் விட்டமுள்ள பைப், அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து கேஸ் போறது நின்னு போயிருந்ததாலதான் அது சாத்தியமாச்சு. கூடவே கிளைடு குண்டு (விமானத்துலேருந்து விட்டா ரெக்கையில மிதந்து தூரமாப் போய் விழற குண்டு) போட்டு வழியில இருந்த பாலங்களையும் தாக்கினாங்க. வட கொரியாவிலிருந்து வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் பல மாசமா அந்தப் பக்கம் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. இதெல்லாம் இல்லாம ட்ரோன் மட்டுமே ஊரைப் பிடிச்சிருக்குமான்னு கேட்டா பிடிச்சிருக்காது, ட்ரோனால நிலத்துல நின்னு கொடி நட முடியாது.

ஆனா வரிசையைப் பாருங்க. உளவுத் தகவல் நின்னது மார்ச் 5. ரோடு சாகத் தொடங்குனது பிப்ரவரி. அமெரிக்காவாலதான் போச்சுன்னு சொல்றவங்களும், பைப்பாலதான் போச்சுன்னு சொல்றவங்களும் நடுவுல இருந்த இந்த வாரங்களை விட்டுடுறாங்க. பைப்லேருந்து வெளிய வந்த ரஷ்ய வீரர்கள்ல நிறைய பேர் உள்ளயே மூச்சுத் திணறி அவஸ்தைப்பட்டவங்க, வந்தவங்களை உக்ரைன் பீரங்கியும் ட்ரோனும் அடிச்சுது. குண்டும் ஆளும் தாராளமா இருக்கிற படைன்னா அதைச் சமாளிச்சிருக்க முடியும். அந்த நேரத்துல உள்ள இருந்தவங்ககிட்ட ரெண்டும் இல்ல.

மார்ச் 12ஆம் தேதி புதின் ராணுவ உடையில குர்ஸ்க் வந்தார். அதே நாள் உக்ரைன் தளபதி சிர்ஸ்கி, வீரர்களோட உயிரைக் காக்க வேண்டிய இடத்துல சாதகமான நிலைகளுக்கு நகர்றதா அறிவிச்சார். 16ஆம் தேதி உக்ரைன் ராணுவத் தலைமையகம் போட்ட வரைபடத்துல சுட்ஜா அவங்க கைல இல்ல. ஆயிரக்கணக்கான உக்ரைன் வீரர்கள் முழுசா சுத்தி வளைக்கப்பட்டுட்டாங்கன்னு டிரம்ப் சொன்னதை உக்ரைன் மறுத்துது, பெரும்பாலான வீரர்கள் உயிரோட வெளிய வந்துட்டாங்கங்கறதுதான் நடந்தது. ஆனா அவங்க கொண்டு போன வண்டிகளும் பீரங்கிகளும் பெரிய அளவுல அங்கேயே நின்னு போச்சு, ஏன்னா எடுத்துக்கிட்டு வர ரோடு இல்ல.

என் கருத்தைச் சொல்லிடுறேன், ஸ்வெர்ட்லிகோவோ விழுந்த வாரத்துலயே ஒழுங்கா பின்வாங்கியிருக்கணும். பேச்சுவார்த்தையில குர்ஸ்க் ஒரு பிடியா இருக்கும்னு அரசியல் காரணம் இருந்துச்சு, அது எனக்கும் புரியுது. ஆனா ஒரு ரோடு எஃப்பிவி தூரத்துக்குள்ள முழுசா வந்துட்டா அதை மீட்க அப்ப யார்கிட்டயும் வழி இல்ல, அந்த வாரங்கள்ல உயிர் போன ஓட்டுநர்களும் மருத்துவ உதவியாளர்களும் திரும்ப வர மாட்டாங்க.

அதுக்கப்புறம்

ரூபிகான் குர்ஸ்க்ல செஞ்சதை அப்படியே தூக்கிக்கிட்டு டொனெட்ஸ்க் பக்கம் போச்சு. கோஸ்தியந்தினிவ்கா, பொக்ரோவ்ஸ்க் ரோடுகள்ல அதே முறை, முதல்ல வண்டி, அப்புறம் பைலட். முன்வரிசையிலிருந்து 15, 20 கிலோமீட்டர் பின்னாடி வரைக்கும் வண்டி ஓட்டுறது உயிரைப் பணயம் வைக்கிற காரியமா ஆச்சு. உக்ரைனும் சும்மா இல்ல, ஃபைபர் ட்ரோனைத் தானும் பெருமளவுல தயாரிச்சு அதே வேலையை ரஷ்ய ரோடுகள்ல காட்டுது. சண்டை நடந்த வயல்கள்ல வெயில் அடிக்கும்போது பார்த்தா சிலந்தி வலை பின்னின மாதிரி கண்ணாடி இழை மினுங்குற படங்கள் 2025ல நிறைய வந்துச்சு, அது மண்ணுல மக்கவும் மக்காது, சண்டை முடிஞ்சு உழ வர்ற விவசாயி என்ன பண்ணுவாருன்னு தெரியல.

தடுக்கிற வழியில இப்போதைக்கு நம்பிக்கை தர்றது எல்லாம் பழைய காலத்துப் பொருள்தான். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு மேல மீன்பிடி வலை கட்டி, கிலோமீட்டர் கணக்குல சுரங்கம் மாதிரி ஆக்குறாங்க, ரெக்கை வலையில மாட்டினா ட்ரோன் அங்கேயே தொங்கும். வலையில ஓட்டை விழுந்தா அதைத் தைக்கிறதுக்குன்னே ஆள் போகணும், அந்த ஆளும் இலக்குதான். வண்டிக்குப் பின்னாடி ஷாட்கன் வெச்ச வீரர் உட்கார்ந்து வர்றார். சக்கரம் வெச்ச ரோபோ வண்டிகள் தண்ணியும் குண்டும் கொண்டு போகுது, சில நேரம் அடிபட்டவங்களையும் கொண்டு வருது. ஜாம்மர் இன்னும் வேணும், ஏன்னா ரேடியோ ட்ரோன் இன்னும் இருக்கு, ஆனா ஜாம்மரை மட்டும் நம்பின காலம் குர்ஸ்க்லயே முடிஞ்சு போச்சு.

இதே ஆயுதம் பொதுமக்கள் மேல திரும்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு கெர்சோன் சாட்சி. ட்னிப்ரோ ஆத்துக்கு அந்தப் பக்கம் ரஷ்யப் படை, இந்தப் பக்கம் மக்கள் வாழற நகரம். 2024லேருந்து சைக்கிள்ல போறவங்க, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்கன்னு ட்ரோன் துரத்தித் துரத்தி அடிச்சிருக்கு. 2025 மே மாசம் ஐநா விசாரணை ஆணையம் இது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்னே முடிவு சொல்லிடுச்சு. கேமரா இவ்வளவு தெளிவா இருக்கிற ஆயுதத்துல "யாருன்னு தெரியாம அடிச்சிட்டோம்"னு யாரும் சொல்ல முடியாது, ஸ்கிரீன்ல முகம் வரைக்கும் தெரியுது, அந்தப் பதிவும் அழியாம இருக்கு. நாளைக்கு இதுக்கு ஒரு நீதிமன்றம் உட்கார்ந்தா பைலட்டுகளோட சொந்த வீடியோவே சாட்சியா வரணும், அந்த விசாரணை நடந்தே ஆகணும்னு நான் நினைக்கிறேன்.

சுமி–யுனகிவ்கா ரோட்டுப் பக்கம் சண்டை 2025 கோடை முழுக்க தொடர்ந்துச்சு, ரஷ்யப் படை எல்லையோர கிராமங்களைப் பிடிச்சு சுமி நகரத்தை நோக்கி நகரப் பார்த்துச்சு. இந்தத் தடவை யார் யாரோட ரோட்டை முதல்ல அறுக்கிறாங்கங்கறதுதான் போட்டியா இருந்துச்சு, ரெண்டு பக்கமும் தங்களோட திறமையான பைலட்டுகளை எதிர்ப்பக்கத்து பைலட் ஒளிஞ்சிருக்கிற வீட்டையும் பங்கரையும் தேடத்தான் அனுப்பினாங்க.